ஃபிட்டர் கரியப்பனும் ஒன்பதாம் கேள்வியும்

கரியப்பன் எங்கே உட்கார்ந்தாலும் அதற்கு முன் ஒரு காரியம் செய்வார். கேன்டீன் பெஞ்சானாலும் கல்யாணப் பந்தியானாலும், வலது கையை மெதுவாக ஒரு அரைவட்டம் ஓட்டுவார். கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் டம்ளர், தட்டு, மேசை விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கரண்டி எல்லாம் அந்த வட்டத்துக்கு வெளியே போய்விடும். பிறகு இடது பக்கம். பிறகு தலையைத் திருப்பி முதுகுக்குப் பின்னால் ஒரு பார்வை: கல்லா, படியா, சுவரா என்று. சுவர் இருந்தால் பெஞ்சை ஒரு சாண் முன்னுக்கு இழுத்துக்கொள்வார். எல்லாம் சேர்ந்து ஐந்து நொடிகூட ஆகாது. புதிதாகப் பார்ப்பவர்கள் சுத்தம் பார்க்கிற ஆள் என்று நினைப்பார்கள். நானும் முதல் மாதம் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் நான் பார்த்துக்கொண்டிருப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"விழறதுக்கு எடம் பார்த்துட்டுத்தான் தம்பி ஒக்காரணும்" என்றார்.

அவருக்கு வலிப்பு இருந்தது. ஓசூர் சிப்காட்டில் நாங்கள் வேலை பார்த்த பம்ப் கம்பெனியில் அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாரும் வலிப்பு என்று சொல்வதில்லை. கன்னடம் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர், தர்மபுரிக்காரர், திருச்சியிலிருந்து வந்தவர் எல்லாருக்கும் பொதுவாக ஒரே சொல்தான்: ஃபிட்ஸ். அவர் பார்த்த வேலை ஃபிட்டர். 'ஃபிட்டருக்கு ஃபிட்ஸ்' என்று முதலில் சொன்னதும் அவரேதான். மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட்டால் அந்த வேலை முடிந்தது என்பது அவர் கணக்கு.

ஷெட்டில் எப்போதாவது அவர் விழுந்தால் நாலு பேர் ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். இரும்பைப் பிடித்தால் நின்றுவிடும் என்று நம்பிக்கை. எழுந்து உட்கார்ந்து முகம் கழுவியதும் அவர் சொல்வார்: "காலையிலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் இரும்பைத்தான் புடிச்சுக்கிட்டு இருக்கேன். அதுக்கு மேல இதுல என்னா விசேசம்."

சொந்த ஊர் கெலமங்கலம் பக்கம். அப்பாவும் அம்மாவும் மற்றவர்கள் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். 1971-ல், பதினாறு வயதில், கேழ்வரகுக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது முதல்முறை வந்தது. ஒரு வருடம் கோயில், மந்திரிப்பு என்று அலைந்தார்கள். பிறகு யாரோ பெங்களூரு பெரிய ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னார்கள். மாத்திரை ஆரம்பமானது. ஐ.டி.ஐ. படித்து எழுபத்தெட்டில் கம்பெனியில் சேர்ந்தார். டிரில்லிங் மெஷினில் நின்றவரை, விஷயம் தெரிந்ததும், ஃபிட்டிங் பெஞ்சுக்கு மாற்றினார்கள். "மெஷின் சுத்தும். பெஞ்சு சுத்தாது. நான் மட்டும்தான் சுத்துவேன்" என்பார்.

பெண் பார்க்கப் போனபோது பெரியவர்கள் எல்லாரும் அதைச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார்கள். இவர் பெண்ணைத் தனியாகக் கிணற்றடியில் பார்த்து, "எனக்கு ஃபிட்ஸ் வரும்" என்றிருக்கிறார். "எனக்குக் கோவம் வரும்" என்றாளாம் அவள். அவள்தான் செல்லி. இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் கூடவே ஒன்று சேர்த்துக்கொள்வார்: "இதுல எது அடிக்கடி வருதுன்னு கேக்காதீங்க."

நான் அந்தக் கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரைப் பார்ப்பது வேலை. வருகைப் பதிவேட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு கவிதைப் புத்தகம் இருக்கும். கரியப்பன் ஒருநாள் அதை எடுத்துப் புரட்டிவிட்டு, "என்னா தம்பி, பாதி வரியோட நிறுத்திட்டு அடுத்த வரிக்குப் போயிட்டாங்க. காயிதம் அவ்வளவு மிச்சமா" என்று கேட்டார். அன்றிலிருந்துதான் எங்களுக்குள் பேச்சு.

1990 ஜனவரியில் சம்பள ஒப்பந்தம் கையெழுத்தானது. கேட்டுக்கு வெளியே பட்டாசு வெடித்தார்கள். லட்டு கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்துத்தான் மற்றொரு விஷயம் தெரிந்தது. சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டிவிட்டதால் முக்கால்வாசிப் பேர் ஈ.எஸ்.ஐ.-யிலிருந்து வெளியே போகிறார்கள். இனி அந்த ஆஸ்பத்திரி கிடையாது, அந்த விடுப்புச் சம்பளமும் கிடையாது. நான்தான் பட்டியலைத் தட்டச்சு செய்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். கரியப்பன் வந்து தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சம்பளம் ஏறினதுல ஆஸ்பத்திரி எறங்கிருச்சு" என்றார். சிரித்தார், ஆனால் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார்.

அன்று டீ நேரத்தில் ஜன்னலுக்கு வந்து விவரமாகச் சொன்னார். "மாத்திரை பெரிய விசயமில்லே தம்பி. பெங்களூர்ல அது சல்லிசாக் கெடைக்குது. ஃபிட்ஸ் என்னிக்கும் எனக்குச் செலவு வெச்சதே இல்லே. விழறதுதான் செலவு. எம்பத்தாறுல பஸ் ஸ்டாண்டுப் படியில விழுந்தேன் பாருங்க, காரை எலும்பு ஒடைஞ்சது. அப்ப ஈ.எஸ்.ஐ. இல்லேன்னா கெலமங்கலத்துல இருக்கிற அந்த அரை ஏக்கரும் போயிருக்கும். எங்கப்பா கூலிக்குப் போன நெலத்துல வாங்கின அரை ஏக்கரு அது."

கம்பெனி ஒரு வழி சொன்னது. சொந்தமாக மெடிக்கல் பாலிசி எடுத்துக்கொள்பவர்களுக்குப் பிரீமியத்தில் பாதியை அது கொடுக்கும். உடனே ராஜப்பன் வந்து இறங்கினார். இன்சூரன்ஸ் ஏஜென்ட். நாலு மொழி பேசுவார். ஒரே வாக்கியத்தில் நாலையும் பேசுவார். கேன்டீன் மூலையில் ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு விண்ணப்பங்களை நிரப்ப ஆரம்பித்தார். ஆங்கிலப் படிவம். அதில் ஒன்பதாம் கேள்வி, தற்போதைய உடல்நிலை எப்படி, ஏதாவது நோய் உண்டா, இருந்தால் எந்த ஆண்டிலிருந்து என்பது. அந்தக் கேள்வியை ராஜப்பன் யாரிடமும் கேட்கவில்லை. ஆள் வந்து உட்காரும்போதே அங்கே FIT என்று எழுதிவிட்டுத்தான் பெயரையே கேட்பார். சர்க்கரை உள்ளவருக்கும் FIT. ரத்த அழுத்தம் உள்ளவருக்கும் FIT. நாற்பது படிவம் அப்படிப் போயிருக்கும்.

கரியப்பன் முறை வந்தது. மேசையிலிருந்த மைக்கூடு, டீ கிளாஸ் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு என்னா எழுதியிருக்கீங்க ராஜப்பா?"

"எல்லாருக்கும் எழுதறதுதான். ஃபிட்."

"ஒரு எழுத்துக் கொறையுதே."

ராஜப்பன் சுற்றும் முற்றும் பார்த்தார். "சும்னிரு மாராயா" என்று கன்னடத்தில் அடக்கினார். பிறகு தமிழில், "அதை எழுதினா ஃபாரம் இன்சூரன்ஸ் ஆபீஸ் மாடி ஏறாது. கீழேர்ந்தே திரும்பி வந்துரும்" என்றார்.

"எழுதாம விட்டா?"

"பாலிசி வரும்."

"பாலிசி வரும். அப்புறம் நான் விழுந்து படுத்துக்கிட்டு காயிதம் அனுப்பினா, இந்தாளுக்கு இருக்கிறதை மறைச்சுட்டான்னு சொல்லிக் கையை விரிச்சிருவாங்க. இந்தக் கம்பெனியில என் ஃபிட்ஸைப் பத்தி வாட்ச்மேனுக்குத் தெரியும், கேன்டீன் பூனைக்குத் தெரியும். இன்சூரன்ஸ்காரனுக்கு மட்டும் தெரியாமப் போயிருமா?"

"என் கையால எழுத மாட்டேன்" என்று ராஜப்பன் பேனாவைக் கீழே வைத்தார். "என் கை ராசி கெட்டுரும்."

கரியப்பன் படிவத்தை எடுத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார். நான் புதுப் படிவம் ஒன்றை எடுத்து முதலிலிருந்து நிரப்பினேன். ஒன்பதாம் கேள்விக்கு எதிரே பெரிய எழுத்தில் எழுதினேன்: FITS, SINCE 1971. அவர் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, அரம் போட்ட பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்.

"எஸ் நல்லாத் தெரியுது" என்றார்.

மூன்று வாரம் கழித்துப் பழுப்பு உறைகள் ஒரு கட்டாக வந்தன. சாப்பாட்டு நேரத்தில் ராஜப்பன் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக் கொடுத்தார். கரியப்பனுக்கும் ஒரு உறை இருந்தது. அவருக்கே நம்பிக்கையில்லை. என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். பெயர், வயது, தொழில் எல்லாம் சரியாக இருந்தது. எந்த நோய்க்குப் பணம் கிடையாது என்று போடும் விலக்குக் கட்டத்தில் ஒன்றுமில்லை. உடல்நிலை என்ற இடத்தில் சுத்தமான தட்டச்சில் இருந்தது: FIT SINCE 1971.

நான் அதைத் தமிழில் சொன்னேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றிலிருந்து ஆரோக்கியமாக இருக்கிறார்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர்களுக்கு விஷயம் பரவி, பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு போனது. "எழுபத்தொண்ணுலேர்ந்தா" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். "அதுக்கு முன்னாடி ஒடம்பு சரியில்லாம இருந்தேன்போல." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும்பா, சிரிச்சே வந்துரும்போல இருக்குது" என்றார்.

ராஜப்பன் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து ரகசியமாக, "தேவுடே, அந்தச் சாமியே கையெழுத்துப் போட்டிருக்கான். வாயைத் தெறக்காதே. நீ உண்மையை எழுதினே, அவங்க தப்பா அடிச்சாங்க. உன் மேல குத்தமில்லே" என்றார்.

அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. கரியப்பன் உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போனார். அன்று முழுக்க ஷாஃப்ட்டுக்குப் புஷ் என்கிற பித்தளை வளையங்களை ஏற்றிக்கொண்டிருந்தார். சாயந்திரம் கிளம்பும்போது ஜன்னலில் நின்றார்.

"அளவு சேராத புஷ்ஷை சுத்தியால அடிச்சா உள்ள போயிரும் தம்பி. பார்த்தா ஒக்கார்ந்த மாதிரியே இருக்கும். ஓட ஆரம்பிக்கிறப்போதான் வெளியே வரும். இது அப்படி ஏறின பாலிசி. எனக்கு என்னிக்குத் தேவைப்படுதோ அன்னிக்கு வெளியே வந்துரும். அந்தாபீஸ்ல போயி மாத்திட்டு வந்துரணும். நீங்களும் வரணும். எழுதின கை உங்களுது."

மாற்றப் போனால் அவர்கள் பாலிசியையே ரத்துசெய்துவிடக்கூடும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. செல்லியிடம் அதைச் சொன்னபோது நானும் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அவள் மாவு பிசைந்த கையோடு வந்து நின்றாள்.

"ரத்துப் பண்ணிட்டா?"

"பண்ணிட்டா இல்லே. இப்பவும் இல்லேதான். இருக்கிற மாதிரித் தெரியுது, அவ்வளவுதான்."

அவள் யோசித்தாள். "அப்ப நானும் வர்றேன். நீ பாதி சொல்லிட்டுச் சிரிச்சிருவே."

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினோம். செல்லி மடியில் ஒரு நீளமான துணிப்பை. உள்ளே சுருட்டிய காகிதங்கள். என்னவென்று கேட்டதற்கு, "இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

கிளை அலுவலகம் ஒரு குழாய்க் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. முன் மேசையில் டைப்பிஸ்ட் நாகம்மா. நான் பாலிசியைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னதும் கோப்பிலிருந்து மூலப் படிவத்தை எடுத்துப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"எஸ் இருக்குதே. எழுதினவங்க தெரியாமப் போட்டுட்டாங்கன்னு நெனைச்சேன் சார். ஓசூர்லேர்ந்து வந்த கட்டு பூரா ஃபிட்டு ஃபிட்டுன்னே இருந்துச்சு. இவரு வேற ஃபிட்டரு."

"உங்க மேல தப்பில்லேம்மா" என்றார் கரியப்பன். "நான் பார்க்கிறதுக்கு அப்படித்தான் இருப்பேன்."

"கொஞ்சம் சும்மா இருய்யா" என்றாள் செல்லி.

உள்ளே கிளை மேலாளர் சுடலைமுத்து. திருநெல்வேலிக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். மூன்று பேரையும் உட்காரச் சொன்னார். கரியப்பன் மேசையிலிருந்த காகித வெயிட்டையும் குத்தூசியையும் தள்ளி வைத்துவிட்டு, நாற்காலியை முன்னுக்கு இழுத்து உட்கார்ந்ததை அவர் கவனித்தார். பாலிசியையும் படிவத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இருபத்திரண்டு வருசமா இந்த வேலை பாக்கேன். விடுபட்டதைச் சேக்கணும்னு சண்டைக்கு வருவாங்க. லாபமா வந்ததைத் திருப்பிக் கொண்டுவந்த ஆளு நீங்கதான். என்னத்துக்குய்யா வந்தீங்க?"

கரியப்பன் புஷ் கதையைச் சொன்னார். சுடலைமுத்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நிலைமையைச் சொன்னார். பாலிசியை ரத்து செய்து பணத்தைத் திருப்பலாம். மேலே கேட்டால் அதைத்தான் சொல்வார்கள். இல்லையென்றால் வலிப்பை விலக்கிவிட்டு மற்றதற்குப் பாலிசியைத் தொடரலாம். அது தன் அதிகாரத்தில் இருக்கிறது என்றார். ஒரு தாளில் எழுதி வாசித்துக் காட்டினார்: வலிப்பு நோயும் அதன் காரணமாக ஏற்படும் எல்லாமும் நீங்கலாக.

செல்லி என்னைப் பார்த்தாள். அவளுக்கு வந்த காரியம் முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது. எனக்கும். கரியப்பன் மட்டும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இந்த 'எல்லாமும்' ரொம்ப லூசா இருக்குது."

"என்ன லூசு?"

"உங்க பேனாவைக் குடுங்க." வாங்கினார். மூடியைக் கழற்றினார். "இந்தப் பேனாவுக்கு இந்த மூடி. சரியா ஒக்காருது. இதே மூடிக்குள்ள என் வெரலும் போவுது, பென்சிலும் போவுது, தம்பியோட வெரலும் போவுதுன்னா அது மூடி இல்லே சார், சந்து. நான் ஃபிட்ஸ் வந்து விழுந்து கை ஒடைஞ்சா எல்லாமும்ல போவும். சரி. நாளைக்கு மாடு முட்டி விழறேன். அப்பவும் என்னா சொல்வாங்க? உனக்கு ஃபிட்ஸ் இருக்குதில்லே, அதான் விழுந்தேம்பாங்க. வழுக்கி விழுந்தாலும் அதேதான். என்னைத் தள்ளிவிட்டாலும் அதேதான். இனிமே நான் என்னாத்துல விழுந்தாலும் அது ஃபிட்ஸ்தான். விழாம இருக்கிறதுக்கு எனக்கு எதுக்கு சார் பாலிசி?"

சுடலைமுத்து பேனாவை வாங்கி மூடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

"வருசத்துக்கு எத்தனை தடவை வருது?"

கரியப்பன் வாயைத் திறப்பதற்குள் செல்லி துணிப்பையை அவிழ்த்தாள். மாதக் காலண்டர்கள். பத்து வருடத்துக் காலண்டர்களைச் சுருட்டிக் கொண்டு வந்திருந்தாள். ஒன்றைப் பிரித்து மேசைமேல் பரப்பினாள். அந்தத் தாள் முழுக்கப் பென்சில் வட்டங்கள். சுடலைமுத்து எண்ண ஆரம்பித்து, ஒரு மாதத்திலேயே ஒன்பது வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத்தனையாம்மா?"

"அய்ய, அது பால்காரன் வராத நாளு சார். ஃபிட்ஸுக்கு ரெட்டை வட்டம்."

"இந்தப் பெருக்கல் குறி?"

"அது நாங்க பேசிக்காத நாளு."

"அதுதான் சார் நெறைய" என்றார் கரியப்பன்.

வெளியே நாகம்மா சிரிப்பை அடக்க முடியாமல் தட்டச்சு செய்வது கேட்டது. சுடலைமுத்து ஒவ்வொரு காலண்டராகத் தள்ளித் தள்ளி ரெட்டை வட்டங்களை மட்டும் எண்ணினார். எண்பத்தொன்றில் பதினொன்று. எண்பத்தாறில் ஐந்து. எண்பத்தெட்டில் மூன்று. போன வருடம் ஒன்று.

"இந்த வருசம் ஒண்ணுமில்லே" என்றாள் செல்லி.

"இன்னும் ஆறு மாசம் கெடக்குது" என்றார் கரியப்பன்.

"நீ வாயை மூடு."

சுடலைமுத்து எழுந்து பீரோவிலிருந்து ஒரு தடித்த விதிப் புத்தகத்தை எடுத்தார். நின்றபடியே பக்கம் பக்கமாகப் பார்த்தார். நாங்கள் மூவரும் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் புத்தகத்தை மூடினார்.

"இருக்கிற நோயை விலக்கி எழுதணும்னு போட்டிருக்கு. எம்புட்டு அகலமா எழுதணும்னு போடல" என்றார். எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு அதற்குக் கீழே புதிதாக எழுதினார். பாதியில் நிறுத்தி என்னிடம் கேட்டார். "தம்பி, ஃபாரம் எழுதின கை உங்களுதுதானே. 'மட்டும்' எங்க போட்டா டைட்டா இருக்கும்?"

வெட்கத்தை விட்டு நான் சொன்னேன். 'வைத்தியம்' என்பதற்குப் பக்கத்தில்.

கடைசியில் வந்த வரி இதுதான்: வலிப்பு நோய்க்கான வைத்தியம் மட்டும் நீங்கலாக; எக்காரணத்தால் விழுந்து ஏற்பட்ட காயத்துக்கும் இவ்விலக்கு பொருந்தாது. நாகம்மா அதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, மூன்று முறை வாசித்துப் பார்த்து, எஸ் இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் எஸ் இருக்கிறதா என்று என்னிடமும் காட்டினார். சுடலைமுத்து கையெழுத்துப் போட்டார்.

கரியப்பன் பாலிசியை வாங்கி, விரலால் அந்த வரியைத் தடவிப் பார்த்தார். "இப்ப ஆட்டமில்லே" என்றார்.

தெருவுக்கு வந்ததும் செல்லி அவர் முதுகில் ஒரு அடி வைத்தாள். "ரெண்டாந்தடவை எதுக்குய்யா வாயைத் தொறந்தே? குடுத்ததை வாங்கிக்கிட்டு வராம. எனக்கு உசுரே போயிருச்சு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பஸ் ஸ்டாண்டில் பெங்களூரா மாங்காய் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் நின்றபடியே தின்றோம். கரியப்பன் தான் தின்னும் ஒவ்வொரு துண்டுக்கும் யாராவது தெரிந்தவர் வருகிறாரா என்று பார்த்தார். விஷயத்தைச் சொல்வதற்கு ஆள் வேண்டியிருந்தது. யாரும் வரவில்லை. மாங்காய்க்காரரிடமே சொன்னார்.

அடுத்த வருடம் மகளுக்குக் காது குத்து வைத்தார்கள். கிடா வாங்க கரியப்பன் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போனார். அங்கே ஒரு கறுப்புக் கிடாயின் பல்லைப் பார்த்துக்கொண்டு குனிந்திருந்தபோது, பின்னால் கட்டியிருந்த வேறொரு கிடா முட்டித் தள்ளியது. வலது மணிக்கட்டு ஊன்றி விழுந்தார். கிருஷ்ணகிரியில் ஒரு நர்சிங் ஹோமில் மூன்று நாள் இருந்தார். பிளேட் வைத்துக் கட்டுப் போட்டார்கள். நான் பார்க்கப் போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரருக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"விழுந்ததும் சந்தையில நம்மூர்க்காரன் ஒருத்தன், அய்யோ இவருக்கு ஃபிட்ஸ் வரும்னு கத்திட்டான். அவ்வளவுதான். ஆளாளுக்குச் சாவிக்கொத்தைக் கொண்டாந்து கையில திணிச்சாங்க. இல்லீங்க ஆடுங்க, ஆடுங்கன்னு சொல்றேன். வலிப்புல உளர்றான்னுட்டாங்க. ஒடைஞ்ச கையிலயே திணிச்சாங்க தம்பி."

டாக்டரும் கேஸ் ஷீட்டில் 'கீழே விழுந்தார், வலிப்பாக இருக்கலாம்?' என்று ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தார். ஆடு என்று எழுதச் சொல்லிக் கரியப்பன் எவ்வளவோ கேட்டும் அவர் மறுத்துவிட்டார். அந்தக் கேள்விக்குறியோடுதான் காகிதம் மாடி ஏறியது. இருபது நாளில் பணம் வந்தது. சுடலைமுத்து கூடவே ஒரு சீட்டில் எழுதியிருந்தார்: ஆடோ ஃபிட்ஸோ, எலும்பு எலும்புதான்.

முட்டிய கிடாயை விடவில்லை. அடுத்த வாரம் செல்லியே சந்தைக்குப் போய், என் வூட்டுக்காரரு கையை ஒடைச்ச கிடா, வெலையைக் கொறைச்சுக் குடு என்று நின்று வாங்கி வந்தாள். காதுகுத்துப் பந்தியில் கரியப்பன் இடது கையால் எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டே போனார். "நல்லாச் சாப்புடுங்க. கேசுக்கு இருந்த ஒரே சாட்சி இதுதான்."

1993-ல் நான் வேறு வேலை கிடைத்துச் சேலம் போய்விட்டேன். அவரிடமிருந்து பொங்கலுக்கு அட்டை வரும். அதில் செய்தி எதுவும் இருக்காது, முந்தின வருடத்து ரெட்டை வட்டங்களின் எண்ணிக்கை மட்டும் இருக்கும். தொண்ணூற்றைந்தில் பூஜ்யம் என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டிருந்தார்.

1997-ல் கிருஷ்ணகிரிக்கு மாற்றலாகி வந்தேன். அம்மாவுக்குச் சர்க்கரை. அவளுக்கு ஒரு பாலிசி எடுக்க அந்த மாடிக்குப் போனேன். சுடலைமுத்து எப்போதோ மாற்றலாகி ஓய்வும் பெற்றுவிட்டார். நாகம்மா அதே மேசையில் இருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. படிவத்தை வாங்கிப் பார்த்து, "சுகரா" என்று கேட்டுவிட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு ரப்பர் முத்திரையை எடுத்து மைப்பஞ்சில் அழுத்திப் படிவத்தின் மேல் குத்தினார். ஊதா எழுத்தில் அந்த வரி விழுந்தது. அதே வரி. நோயின் பெயர் வரும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன இடைவெளி. அதில் பேனாவால் 'சர்க்கரை' என்று ஆங்கிலத்தில் எழுதினார்.

நான் யார் என்று சொன்னேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"இதுக்கு ஆபீஸ்ல ஃபிட்டர் சீல்னுதான் சார் பேரு. சுடலைமுத்து சார் போறப்ப என்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை வரைக்கும் போயிருக்குது இது. முந்நூறு பேருக்கு மேல குத்தியிருப்பேன்."

கையில் வாங்கிப் பார்த்தேன். கடையில் விற்கிற மரக் கைப்பிடி இல்லை. கடைந்து எடுத்த பித்தளை, ரப்பரோடு துளிகூட ஆட்டமில்லாமல் பொருந்தியிருந்தது. யார் செய்தது என்று நான் கேட்பதற்கு முன் அவரே சொன்னார். தொண்ணூற்றொன்றில், கைக்கட்டு அவிழ்த்த மாதம், கரியப்பன் தனியாகப் பஸ் ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த வரியில் வலிப்பு என்பதை எடுத்துவிட்டு, நோயின் பேருக்கு மட்டும் இடம் விட்டு முத்திரை செய்யலாம் என்பதும் அவர் சொன்ன யோசனைதான்.